மும்பை மான்சூன்ஸும் மாமி பொண்ணும்

தாராவி, மும்பை
12 ஜனவரி 2025

தங்கை ஷரீஃபுன்னிசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லாம் நான் முன்பே சொன்னபடிதான் நடந்திருக்கிறது என்பதை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் நலம் விசாரிக்கிறேன். அமெரிக்காக்காரன் ஒரு நாள் தாராவிக்குள் ஆள் தேடி வருவான் என்று சொன்னேனா இல்லையா? மச்சான் உயிரோடு இருந்தபோது உங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து சொன்னேன். நீ சிரித்தாய். வந்துவிட்டான்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அதீபா ஆஸ்பத்திரி லேபுக்கு இன்னும் பஸ்ஸில்தான் போகிறாளா? இங்கே நானும் உன் மதினி சபுராவும் சுகம். பட்டறையில் பெல்ட்டு வேலை தடையில்லாமல் ஓடுகிறது.

"பாரத் டச்டவுன் லீக்" என்று புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். அமெரிக்கன் ஃபுட்பால். பேர்தான் ஃபுட்பால், காலுக்கு அதில் வேலை குறைவு. பந்து இரண்டு முனையும் கூம்பிப் பெரிய மாங்கொட்டை மாதிரி இருக்கும். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிர் அணிக்காரன் மேலே விழுந்து கவிழ்ப்பான். நம் நாட்டில் இது ஆடத் தெரிந்தவன் அபூர்வம் என்பதால் கபடி, குஸ்திப் பையன்களாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள். மாதுங்கா மைதானத்தில் நம் சாஹில் கபடி ஆடியதைக் கோச் பார்த்தார். ஆறரை அடி வெள்ளைக்காரர். நேரே என்னிடம் வந்து, யார் பிள்ளை இவன் என்று இங்கிலீஷில் கேட்டார். "மேட் இன் தாராவி, ஓனர் ஐ" என்றேன். மைதானமே கைதட்டியது.

மும்பை மான்சூன்ஸ் என்ற அணியில் மூன்று வருஷ ஒப்பந்தம். முதலாளி சிக்காகோவில் இருக்கிறார். சொந்த விமானம்.

இப்போது முக்கியமான சங்கதி. கையெழுத்துப் போட்ட அன்று மத்தியானம், சோற்றில் கை வைத்தபடியே சாஹில் சொன்னான்: "வாப்பா, ஷாதி கரேகா தோ மாமி பொண்ணத்தான். வேற எங்கயும் பாக்காதீங்க." அவன் பேச்சு பாதி இந்தி என்பது உனக்குத் தெரியுமே. கட்டினால் உன் மகளைத்தான் கட்டுவானாம். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். அதீபாவை எங்கள் வீட்டுக்குக் கேட்டு இதை எழுதுகிறேன்.

இதைப் போனில் பேச வேண்டாம். சம்பந்தப் பேச்சு எழுத்தில் இருப்பதுதான் மரியாதை, நம் வாப்பாவும் அப்படித்தான் செய்தார்கள். பேச்சு முடிகிறவரை பெண்வீட்டார் மாப்பிள்ளையிடம் இதைப் பற்றி வாய் திறப்பது முறையில்லை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாஹிலுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆகவே நமக்குள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம்.

துஆவுடன்,
காக்கா ஜஹாங்கீர்


மேலப்பாளையம்
24 ஜனவரி 2025

காக்காவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

முழங்கால் அதே இடத்தில் இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. மதினியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கடிதத்தைப் படித்துச் சந்தோஷப்படலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆறரை அடி வெள்ளைக்காரர் வந்த இடத்தில் எனக்கு வழக்கமான சந்தேகம் வந்துவிட்டது. துபாய் ஷேக் உங்கள் பட்டறைக்கு வந்து செருப்பு வாங்கிய கதையை நான் மறக்கவில்லை. அந்த ஷேக் அம்பர்நாத் ஃபாக்டரி வாட்ச்மேன் என்று பிறகு மதினிதான் சொன்னாள்.

நான் கேட்பது இது. இந்த நாட்டில் கிரிக்கெட்டை விட்டால் ஜனங்கள் எதைப் பார்க்கிறார்கள்? பார்க்க ஆளில்லாத ஆட்டத்தை எத்தனை நாள் நடத்துவார்கள்? பிள்ளைக்குக் கை கால் முறிந்தால் லீக்காரன் வைத்தியம் பார்ப்பானா? அதீபாவின் வாப்பா மவுத்தான பிறகு இந்த வீட்டில் அடுப்பு எரிவது அவள் வேலையால். அதை விட்டுவிட்டு மும்பைக்குப் போ என்று சொல்ல எனக்கு உறுதி வேண்டும்.

சாஹில் அவனாகக் கேட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அதீபாவிடம் காட்டவில்லை. ஆனால் நான் மடித்து வைத்த கடிதம் வேறு மாதிரி மடிந்திருக்கிறது.

வஸ்ஸலாம்,
ஷரீஃபுன்னிசா


தாராவி
8 பிப்ரவரி 2025

தங்கைக்கு ஸலாம். எங்கள் எல்லோருக்கும் சுகம். முழங்காலுக்கு வேப்பெண்ணெயைச் சூடாக்கித் தேய், நான் சொன்னால் கேள்.

யார் பார்ப்பார்கள் என்று கேட்டாய். டிவிக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது என்றுதான் லீக்காரர்களுக்குத் தலைவலி. மைதானம் மட்டும் கொஞ்சம் இழுபறி. கிரிக்கெட் கிளப்காரன் ஒருவனும் இடம் தரமாட்டேன் என்கிறான். இவர்கள் ஷூவுக்கு அடியில் குமிழ் குமிழாக இருக்கிறது. ஒரு ஆட்டம் ஆடினால் பிட்ச் உழுத வயலாகிவிடும் என்று பயம். அதனால் செம்பூரில் மூடிப்போன ஃபாக்டரி ஒன்றின் பின்பக்கத்தை எடுத்திருக்கிறார்கள். நல்ல விசாலம். லாரி திரும்புகிற நேரத்தில் மட்டும் ஆட்டத்தை நிறுத்த வேண்டும்.

ஹெல்மெட்டெல்லாம் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து துறைமுகத்தில் கிடக்கிறது. இது விளையாட்டுச் சாமானா, சண்டைச் சாமானா என்று கஸ்டம்ஸ்காரனுக்கு விளங்கவில்லை. அதுவரை பையன்கள் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போட்டு முட்டிக்கொள்கிறார்கள். யோசனை யாருடையது? உன் காக்காவுடையது. "ஜஹாங்கீர், நீ அமெரிக்காவில் பிறந்திருந்தால் மிலிட்டரி ஜெனரல்" என்று கோச் சொன்னார்.

பந்தும் தட்டுப்பாடு. மாதிரிக்கு ஒன்றைக் கொடுத்து இதேபோலத் தைத்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். நாலு துண்டுத் தோலை உள்பக்கம் வெளியே வரும்படி தைத்து, கடைசியில் வாய்ப்பக்கமாகப் புரட்டி எடுக்க வேண்டும். எனக்கு அரை மணி நேர வேலை.

சாஹில் பிராக்டீஸ் முடிந்து வந்ததும் முதல் கேள்வி, "மாமி வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" எல்லாரும் என்றால் யாரைக் கேட்கிறான் என்று நமக்குத் தெரியாதா?

காக்கா


மேலப்பாளையம்
20 பிப்ரவரி 2025

காக்காவுக்கு ஸலாம். நலம். வேப்பெண்ணெய் வாடையில் பூனை கூட வீட்டுக்குள் வருவதில்லை.

எதிர்வீட்டுச் செல்வம் காட்கோபரில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான் அல்லவா, அவன் ஊருக்கு வந்திருந்தான். உங்கள் ஆட்டத்தைப் பற்றிப் போனில் தேடிப் பார்த்தான். பார்த்தவன் முகம் மாறி, "பெரியம்மா, சொன்னா கோவிச்சுக்கிடக் கூடாது. அமெரிக்காவுல அந்தப் பந்துக்குப் பன்னித்தோல்னு பேரு போட்டிருக்கு" என்றான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் பிள்ளை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டா ஓடுகிறான்? அதை நீங்கள் வேறு கையால் தைக்கிறீர்களா? இது வெளியே தெரிந்தால் அதீபாவுக்கு இந்த ஊரில் என்ன பேச்சு வரும்? பதில் வருகிறவரை இந்தப் பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஷரீஃபுன்னிசா


தாராவி
27 பிப்ரவரி 2025

தங்கைக்கு ஸலாம். சுகம் பிறகு.

முப்பத்தைந்து வருஷம் தோலில் கை வைத்தவனுக்குத் தெரியாதா எது எந்தத் தோல் என்று? அவர்கள் கொடுத்த மாதிரிப் பந்தைக் கோச் முன்னாலேயே கத்தியால் பிளந்தேன். மயிர்க்கால் பார்த்தேன், மோந்து பார்த்தேன். சுத்தமான மாட்டுத் தோல். அந்தக் காலத்தில் எப்போதோ வைத்த பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். இங்கே மாடு அறுக்கச் சட்டத்தில் தடை, அதனால் மாட்டுத் தோலும் எடுக்க முடியாது என்று உனக்குத் தெரியும். ஆகவே நான் தைக்கிற பந்து எருமை. ஆறு பந்து முடிந்தது. கோச் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "டூ ஸ்ட்ராங்" என்றார். அமெரிக்கப் பந்தைவிட உசத்தி என்று அர்த்தம்.

செல்வத்திடம் சொல், போனில் தேடுவதை அவன் கடைக் கணக்கோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

ரமலான் பிறக்கப்போகிறது. நோன்பில் உன் துஆ சாஹிலுக்கும் இருக்கட்டும்.

காக்கா


மேலப்பாளையம்
12 மார்ச் 2025

காக்காவுக்கு ஸலாம். நோன்பு அல்லாஹ் கிருபையால் லேசாகப் போகிறது.

எருமை என்று படித்தபிறகுதான் மூச்சு வந்தது. கோச் சொன்னதற்கு நீங்கள் எழுதிய அர்த்தம் சரிதானா என்று மட்டும் யோசித்தேன், விட்டுவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். கல்யாணத்தைப் பற்றி அவனிடம் நான் வாய் திறக்கமாட்டேன், முறை தெரியும். ஆனால் பெருநாளைக்கு மாமிக்கு ஸலாம் என்று அவன் கைப்பட ஒரு வரி எழுதலாமே? இந்தியில் எழுதினாலும் போதும், அதீபா வாசித்துவிடுவாள். உங்கள் எழுத்திலேயே எல்லாம் வருகிறது. அவன் கையெழுத்து ஒன்று வந்தால் எனக்கு ஒரு தைரியம்.

ஷரீஃபுன்னிசா


தாராவி
9 மே 2025

தங்கைக்கு ஸலாம். பெருநாளுக்கு எழுதாதது என் தப்பு. வேலை தலைக்கு மேல். அந்த ஒரு வரி பற்றி: சாஹிலுக்கு விரலில் கட்டு. பந்து பிடித்துப் பிடித்து வீங்கியிருக்கிறது. பேனா பிடிக்க முடியவில்லை.

முதல் மேட்ச் நடந்துவிட்டது! ஹெல்மெட்டு கடைசி நிமிஷத்தில் வந்தது. இருபதாயிரம் பேர் கூட்டம். வாசலில் ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். பொட்டலத்துக்காக வந்தவர்கள் என்று சிலர் பேசுவார்கள், நம்பாதே. பாதிக்கு மேல் உட்கார்ந்து பார்த்தார்கள்.

விதி யாருக்கும் தெரியாது. நாலு விநாடி ஆடுகிறார்கள், பிறகு ஐந்து நிமிஷம் நின்று பேசுகிறார்கள். பக்கத்தில் ஒரு மராத்திக்காரர், "அரே சாச்சா, யே கேல் ஹை கி மீட்டிங்?" என்று கேட்டார். ஆட்டமா, கூட்டமா என்று கேட்கிறார். "தேக்தே ரஹோ, அபி தமாக்கா ஹோகா" என்றேன், பார்த்துக்கொண்டே இரும், இப்போது வெடிக்கும் என்று. சொன்ன வாய் மூடவில்லை, சாஹில் பந்தை வாங்கினான். கபடியில் கோட்டைத் தொட்டுத் திரும்புவானே, அந்த நெளிவு. மூன்று பேர் தரையில். கோட்டைத் தாண்டிவிட்டான். கூட்டம் எதற்கென்று தெரியாமலே எழுந்து நின்றது. ஷரீஃபா, அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்தேன். ஹெல்மெட் கம்பிக்குள் இருந்தாலும் தெரிந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் பிறந்ததிலிருந்து நான் பார்த்ததில்லை. இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

காக்கா


மேலப்பாளையம்
1 ஜூன் 2025

மாமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அதீபா எழுதுகிறேன். மாமிக்கும் என் ஸலாம். உம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், ஆகையால் பதிலை ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்புங்கள்.

உங்கள் கடிதங்களை எல்லாம் படித்துவிட்டேன், மன்னியுங்கள். ஆட்டத்தின் விதிகளையும் படித்துவிட்டேன். நாலு வாய்ப்பில் பத்து கெஜம் முன்னேற வேண்டும் என்பதற்காகத்தான் மாமா அவர்கள் நின்று நின்று பேசுகிறார்கள். சாஹில் மச்சான் இன்ஸ்டாகிராமில் போட்ட ஓட்டத்தை லேபில் எல்லோருக்கும் காட்டினேன். உறவு என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு விஷயம் மனதை அரிக்கிறது. லீக் பக்கத்தில் ரொம்ப நாளாகப் பதிவே இல்லை. இன்னொன்று, மச்சான் போட்ட வீடியோவுக்குக் கீழே "மாஷா அல்லாஹ்" என்று எழுதினேன். "தேங்க்ஸ் சிஸ்டர்" என்று பதில் வந்தது. என் பேரும் படமும் அதிலேயே இருக்கிறது. என்னைத் தெரியாமலா அப்படிப் போட்டார்? நேரில் கேட்கக் கூடாது என்று உம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

ராஜினாமாவை எழுதி வைத்திருக்கிறேன். உம்மா தேதி சொன்னதும் கொடுத்துவிடுவேன்.

அதீபா


தாராவி
15 ஜூன் 2025

மருமகள் அதீபாவுக்கு, மாமாவின் துஆ. இங்கே சுகம். இந்த வருஷம் மழை மே மாதமே வந்துவிட்டது. பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர்.

சிஸ்டர் விஷயம் ஒன்றுமில்லை, கவலைப்படாதே. ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு விதி இருக்கிறது. வெளியிடத்தில் எல்லாப் பெண்களையும் சகோதரி என்றுதான் சொல்ல வேண்டும், மீறினால் ஒரு மேட்ச் தடை. அமெரிக்காக்காரன் இதிலெல்லாம் ரொம்பக் கறார்.

லீக் நிற்கவில்லை. மழைக்காக இடைவேளை. மான்சூன்ஸ் என்று பேர் வைத்தவன் மான்சூனை மறந்துவிட்டான், அதுதான் வேடிக்கை. செம்பூர் மைதானம் குளமாகிவிட்டது. என் பந்துகளும் தண்ணீர் குடித்துப் பலாப்பழம் மாதிரிக் கனக்கின்றன.

ராஜினாமாவுக்கு அவசரம் வேண்டாம் மகளே.

மாமா


மேலப்பாளையம்
9 ஜூலை 2025

காக்காவுக்கு ஸலாம். மதினிக்கும் சாஹிலுக்கும் துஆ. எனக்கு நலம்.

கோபப்படாமல் படியுங்கள். செல்வத்தைச் செம்பூருக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொன்னேன். கேட்டுக்கொண்டது ஆட்டத்தைப் பற்றி மட்டும், கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவன் போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பெரியம்மா, மைதானத்துக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க. கோச் ஊருக்குப் போயிட்டாரு. ஆறரை அடியெல்லாம் இல்ல, ஆனா வெள்ளைக்காரருதான். டிவிக்காரன் கடைசி வரைக்கும் வரல. மொதலாளி போனே எடுக்கலையாம். இருபதாயிரம் பேருன்னு சொன்னீங்கல்லா, நானூறு பேருதான் வந்திருப்பாங்கன்னு வாட்ச்மேன் சொல்றாரு. ஆனா அந்தப் பையன் சாஹில் ஓடுனதப் பத்தி மட்டும் அவரு பேசிக்கிட்டே இருந்தாரு. சாஹில் அங்கதான் ஹெல்மெட்ட எல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டு இருந்தாரு. 'லீக் பந்த் ஹோ கயா பாய். முலுண்ட் ஜிம்ல ட்ரெய்னர் வேலை கெடச்சிருக்கு, திங்கள்லருந்து போறேன்'னு மறைக்காம சொன்னாரு. டீயும் வாங்கிக் குடுத்தாரு."

கேட்டதும் உங்கள் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. இரண்டு நாள் யோசித்தேன். லீக் போனால் போகட்டும் காக்கா. நான் மகளை லீக்குக்குக் கொடுக்கவில்லை. விழுந்த அடுத்த வாரமே வேறு வேலை தேடி எழுந்திருக்கிறான், ஊர்க்காரனிடம் பொய் சொல்லவில்லை. நீங்கள் விமானம் விட்டாலும் கூட்டத்தைப் பெருக்கினாலும், பிள்ளை அவனாக வாய் திறந்து இவளைக் கேட்டானே, அது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் சம்மதிக்கிறேன். எத்தனை வீட்டில் மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு பெற்றவர்களுக்காகக் கட்டுகிறான்? என் மகளுக்கு அப்படி வேண்டாம்.

அதீபா திங்கட்கிழமை ராஜினாமாவைக் கொடுத்துவிட்டாள். இரண்டு மாத நோட்டீஸ். சஃபர் மாதம் கழிந்து ரபீஉல் அவ்வல் மாதத்தில் நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம். உங்களிடம் எனக்கு இனி ஒரு கேள்வியும் இல்லை.

ஷரீஃபுன்னிசா


தாராவி
22 ஜூலை 2025

தங்கை ஷரீஃபுன்னிசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உடம்புக்கு நலம். மழை விடவில்லை.

முதல் காரியமாக, அதீபாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ராஜினாமாவைத் திரும்ப வாங்கச் சொல். இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்கும் முன்பே சொல்.

உன் கடிதம் வந்தபோது நான் பட்டறையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். சபுரா பிரித்துச் சத்தமாக வாசித்தாள். நடுவில் நின்றுவிட்டாள். "அவனாக் கேட்டானா? எப்பக் கேட்டான்? ஒரே வீட்ல இருக்கேன், எனக்குத் தெரியாம எந்தச் சோத்துல கை வச்சான்?" என்றாள். நான் வாளியைக் கீழே வைக்கவில்லை. "வாய்ல என்ன கொழுக்கட்டையா? நீங்களே எழுதுங்க. இல்லைன்னா நான் ஷரீஃபாவுக்குப் போன் போடுவேன்" என்றாள். பத்து நாளாக அவள் எனக்குச் சோறு மட்டும் வைக்கிறாள், பேசுவதில்லை.

ஷரீஃபா, லீக் உண்மை. கோச் உண்மை. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் என் யோசனை என்பதும் சத்தியம். விமானத்தைப் பற்றி எனக்கு உறுதியில்லை, யாரோ சொன்னார்கள். சாஹில் மூன்று பேரைக் கவிழ்த்துவிட்டு ஓடினான், அதை வாட்ச்மேனே சொல்லிவிட்டான். அதீபா உனக்குத் தெரியாமல் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள், அவளைத் திட்டாதே; பதிலில் நான் சொன்ன சிஸ்டர் விதி மட்டும் அந்தப் பெண்ணின் மனதைத் தேற்ற எழுதியது.

பையன் கையில் ஒப்பந்தத்தோடு நின்ற அன்று, இப்போது கேட்டால் என் தங்கை மறுக்கமாட்டாள் என்று தோன்றியது. அதீபா மாதிரி ஒருத்தி இந்த வீட்டுக்கு வரவேண்டும் என்பது என் பல வருஷத்து ஆசை. முதலில் உனக்கு எழுதிவிடுவோம், அவனிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிராக்டீஸ் நேரத்தில் மனதைக் கலைக்க வேண்டாம் என்று விட்டேன். அப்புறம் நோன்பு. அப்புறம் மேட்ச். அந்தச் சந்தோஷ முகத்தைப் பார்த்தபோது இன்றைக்குக் கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. பையன்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். லீக்கை மூடியபிறகு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் எந்த முகத்தோடு கேட்பேன்? விரலில் கட்டும் கிடையாது. எதற்காக என்று அவன் கேட்டுவிடுவானே என்று பயந்துதான் அந்த ஒரு வரியை நான் எழுதச் சொல்லவில்லை.

நீ பந்தைச் சந்தேகப்பட்டாய், கோச்சைச் சந்தேகப்பட்டாய், கூட்டத்தை எண்ணிவரச் சொல்லி ஆளனுப்பினாய். நீ நம்பிய ஒன்றைத்தான் நான் கட்டி எழுதினேன். மாமி பொண்ணைத்தான் கட்டுவேன் என்று சாஹில் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவனிடம் நான் இன்னும் கேட்கவே இல்லை.

காக்கா
ஜஹாங்கீர்